வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்கவில்லையா? உடனே செட்டிங்ஸில் கை வைக்காதீர்கள்

"அப்பா, அந்த வெள்ளைப் பெட்டியில சிவப்பு லைட் மினுக்குதா பாருங்க."

"சிவப்பு இல்லப்பா. நாலு பச்சை. அதுல ஒண்ணு மட்டும் விட்டு விட்டு எரியுது."

நான் பெங்களூரில், சர்வர் கும்பகோணத்தில். சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கிடக்கும், பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் அது. சினிமாவுக்கு ஜெல்லிஃபின், குடும்பப் படங்களுக்கு இம்மிச், இரண்டையும் வெளியிலிருந்து எட்டிப்பிடிக்க வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான சுரங்கம். அன்று ராத்திரி எதுவுமே திறக்கவில்லை. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு இல்லை என்றால் லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, டொமைன் ரெக்கார்டை (சர்வர் பெயருக்கு எந்த முகவரி என்ற பதிவு) மாற்றினேன், டிடிஎன்எஸ் (வீட்டு ஐபி மாறும்போதெல்லாம் அந்தப் பெயரைப் புது முகவரியோடு சேர்த்துவைக்கும் சேவை) கணக்கில் புதுச் சாவி போட்டேன், போனில் வயர்கார்டு அமைப்பை அழித்துவிட்டுத் திரும்பச் செய்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். "சாயங்காலம் இடி இடிச்சுதுன்னு அம்மா எல்லா ப்ளக்கையும் பிடுங்கினா. டிவிக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கும் மட்டும்தான் திரும்ப மாட்டியிருக்கா போல."

ப்ளக்கை மாட்டி லேப்டாப்பை ஆன் செய்த பிறகும் திறக்கவில்லை. நான் மாற்றி வைத்த மூன்றில் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க இன்னொரு மாலை போனது.

இந்த வேலையில் பலரும் செய்யும் தவறு இதுதான். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமலே முடிச்சுப் போட ஆரம்பிக்கிறோம். உங்கள் போனிலிருந்து கிளம்பும் பாக்கெட் (தகவல் துண்டு) முதலில் பெயரை முகவரியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு இணைய நிறுவனத்தைத் தாண்டி, வீட்டு ரவுட்டரைத் தாண்டி, கணினியை அடைந்து, அதில் ஓடும் நிரலைத் தொட வேண்டும். எந்தப் படியில் நின்றது என்று தெரிகிற வரை எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் ஒன்றே ஒன்று. சரிவராவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்தது.

எங்கே நின்றது என்பதைப் பிழைச் செய்தியே பாதி சொல்லிவிடும், நாம்தான் படிப்பதில்லை. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் பாக்கெட் ஏதோ ஒரு பெட்டி வரை போய்ச் சேர்ந்து, அந்த போர்ட்டில் (நிரல் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்) கேட்க ஆளில்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது. வழி சரி, நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அது 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அது தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது, வெளியாள் குரல் அதன் காதில் விழாது. 'டைம்ட் அவுட்' என்றால் கதை வேறு. தட்டினோம், எந்தச் சத்தமும் இல்லை. வழியில் யாரோ பாக்கெட்டை விழுங்கியிருக்கிறார்கள், அல்லது கணினியே அணைந்து கிடக்கிறது. அன்று எனக்கு வந்தது இந்த இரண்டாவது. நான் அதைப் படித்திருந்தால் டொமைன் ரெக்கார்டைத் தொட்டிருக்கவே மாட்டேன். பெயர் சரியாகத்தான் முகவரியாக மாறிக்கொண்டிருந்தது.

சோதிக்கும் இடத்திலும் கோட்டை விடுகிறோம். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைத் தட்டிப் பார்த்து, "வரலையே" என்று கவலைப்படுவோரை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளிருந்து வெளியே போய் அதே வாசலில் உள்ளே திரும்பும் பாக்கெட்டைச் சில ரவுட்டர்கள் கையாளாது. வெளியாட்களுக்கு வேலை செய்யும், உங்களுக்கு மட்டும் செய்யாது. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மொபைல் இணைப்புகளில் ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை; பழையது ஐபிவி4) பரவலாக இருப்பதால் போனில் அந்த வழியே திறந்துவிடும். ஐபிவி4 மட்டும் உள்ள அலுவலக நெட்வொர்க்கில் அதே முகவரி திறக்காது. "போன்ல வருது, ஆபீஸ்ல வரல" என்றால் முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும்.

இனி பெரிய வில்லன், சிஜிநாட். போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரின் ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே சர்வருக்குத் திருப்பிவிடுவது) எல்லாம் சரியாகப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலருக்கு நோய் இதுதான். ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஏப்ரலில் கடைசித் தொகுப்பைத் தொட்டுவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. இதுதான் சிஜிநாட். அடுக்ககம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது பெரிய கேட்டின் முகவரி மட்டும். நீங்கள் உங்கள் ஃப்ளாட் கதவை அகலத் திறந்து வைத்தாலும், கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார்.

கண்டுபிடிக்க இரண்டே நிமிடம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வேன்' (WAN, இணையத்தைப் பார்த்த பக்கம்) என்ற இடத்தில் இருக்கும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இணைப்பில், உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். இரண்டும் ஒன்றானால் பிரச்சினை இல்லை. வேறானால், ரவுட்டர் காட்டுவது 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால் அது சிஜிநாட்; அந்த வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். சில நிறுவனங்கள் 10-இல் தொடங்கும் முகவரியையும் கொடுக்கின்றன. 192.168 என்று இருந்தால் அநேகமாக நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர், உங்கள் ரவுட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இதற்கு மருந்து வீட்டுக்குள்ளேயே உண்டு. அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, வெறும் பாலமாக மட்டும் இருப்பது) மாற்றலாம், இல்லையென்றால் இரண்டு பெட்டியிலும் ஃபார்வர்ட் போடலாம். ஒரு வேடிக்கை: டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையும் தன் கருவிகளுக்கு அதே 100.64 வரிசையிலிருந்துதான் முகவரி தருகிறது. ரவுட்டரைப் பார்க்காமல் கணினியில் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, சிஜிநாட் என்று குதிக்க வேண்டாம்.

சிஜிநாட் என்று உறுதியானால் ரவுட்டரில் எதைத் திருகியும் பயனில்லை. டிடிஎன்எஸ்ஸும் கைகொடுக்காது, அது கேட்டின் முகவரியைத்தான் ஊருக்குச் சொல்லும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு "போர்ட் ஓப்பன் பண்ணி விடுங்க" என்றால் மோடத்தை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். "பப்ளிக் ஐபி வேணும், மாசம் எவ்வளவு?" என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஐபிவி6 இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஃபார்வர்டிங் தேவையில்லை, ரவுட்டர் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை அனுமதித்தால் போதும். அதுவும் இல்லையென்றால் வீட்டிலிருந்து வெளியே கிளம்பும் சுரங்கம்தான்: டெயில்ஸ்கேல், கிளவுட்ஃப்ளேர் டனல், அல்லது வாடகைக்கு எடுத்த ஒரு சிறு கிளவுட் கணினி. குடும்பத்தார் மட்டும் பயன்படுத்தும் சர்வருக்கு, பப்ளிக் ஐபி இருந்தாலும்கூட நான் டெயில்ஸ்கேலையே சொல்வேன்.

வயர்கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். பாக்கெட்டுகளை அனுப்பும் இரண்டு முறைகளான யுடிபி, டிசிபி ஆகியவற்றில் அது யுடிபியில் மட்டும் ஓடும். ஃபார்வர்ட் போடும்போது டிசிபி என்று விட்டுவிட்டால் தீர்ந்தது. சரியான சாவி இல்லாத யாருக்கும் அது பதிலே சொல்லாது. அதனால் போர்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் தளங்களில் அதன் வழக்கமான போர்ட்டான 51820 எப்போதும் மூடியதாகவே தெரியும். அதை நம்பி, சரியாக இருப்பதை இடித்துக் கட்டாதீர்கள். டிடிஎன்எஸ் பெயர் கொடுத்திருந்தால் அதை இணைப்பைத் தொடங்கும்போது ஒரு முறைதான் முகவரியாக மாற்றிக்கொள்ளும். வீட்டு ஐபி நள்ளிரவில் மாறினால் உங்கள் லேப்டாப் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். வயர்கார்டு இணைப்பை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

கரண்ட் போய் வந்த பிறகு இணையவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் நேரம் காக்கும் சில்லு கிடையாது. 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இணைப்பைத் தொடங்கும் கருவியின் நேரம் பின்னோக்கிப் போய்விட்டால், பழைய கைகுலுக்கலை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று எதிர்முனை அதைத் தள்ளிவிடும். எங்கும் ஒரு பிழைச் செய்தியும் வராது.

விபிஎன் இணைந்துவிட்டது, ஆனால் 192.168.1.10 மட்டும் திறக்கவில்லையா? நீங்கள் தங்கியிருக்கும் லாட்ஜின் வைஃபையும் 192.168.1 வரிசையாக இருக்கும். கருவி பக்கத்து அறையில் தேடிக்கொண்டிருக்கிறது. வீட்டு வரிசையை 192.168.73 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே சர்வருக்கு ரவுட்டரில் நிலையான உள் முகவரி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் உங்கள் ஃபார்வர்ட் டிவியைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் கோபத்தில் ஃபயர்வாலை அணைப்பதும், சர்வரை டிஎம்இசட்டில் (எல்லா போர்ட்டும் வெளியுலகுக்குத் திறந்துவிடும் ரவுட்டர் அமைப்பு) தூக்கிப் போடுவதும் நடக்கும். "சும்மா அஞ்சு நிமிஷம் டெஸ்ட்" என்று போட்டது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல், இணையத்தில் நேரடியாகத் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத்தான் பூட்டியது. போர்ட் ஃபார்வர்டிங்கையும் யுபிஎன்பியையும் (கருவிகள் தாங்களே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) நிறுத்துங்கள் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் கருவி) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் லினக்ஸ் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவின் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அடைத்துவிட்டேன் என்று நீங்கள் நினைப்பது திறந்தே இருக்கலாம்.

தொலைவில் இருந்துகொண்டு ஃபயர்வாலை மாற்றுவது உட்கார்ந்த கிளையை வெட்டுகிற வேலை. எஸ்எஸ்ஹெச்சை (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) அனுமதிக்கும் முன் யுஎஃப்டபிள்யூவை ஆன் செய்துவிட்டு, ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போனவன் நான். இப்போதெல்லாம் பத்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாக அணையும்படி ஒரு கட்டளையை முதலில் நேரம் குறித்து வைத்துவிட்டுத்தான் தொடுகிறேன். உள்ளே வர முடிந்தால் அதை ரத்து செய்துகொள்ளலாம்.

மின்சாரம் திரும்பியதும் தானாக எழும் வசதி பல லேப்டாப்களில் இல்லை. எங்கள் வீட்டு லேப்டாப்பிலும் இல்லை, பவர் பட்டனை அழுத்த ஆள் வேண்டும். அதனால் ப்ளக்கில் மஞ்சள் டேப் ஒட்டி, 'பிடுங்கினால் போன் செய்யவும்' என்று எழுதி வைத்தேன். இந்த ஐப்பசியில் மழை ஆரம்பித்ததிலிருந்து வாரம் இரண்டு முறை அம்மா கூப்பிடுகிறாள். "வானம் இருட்டிக்கிட்டு வருதுடா. உன் பொட்டிய நிறுத்தவா, இல்ல ஏதாவது பார்த்துக்கிட்டு இருக்கியா?"