கப்பலில் பால்கனி அறை எடுக்கலாமா? கூடுதல் வெள்ளி கொடுக்கும் முன் போடவேண்டிய கணக்கு

"ஏம்மா, இப்ப ராத்திரியா, விடிஞ்சிடுச்சா?"

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய சுற்றுலாக் கப்பலில் எங்கள் முதல் காலை. அறை கும்மிருட்டு. தலைமாட்டில் துழாவிக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன், மணி 4.40. அத்தை குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் என்றால் இந்நேரம் விளக்கேற்றிவிட்டு, அடுப்படி சன்னலோரம் காப்பியோடு இருப்பார். இங்கே சன்னல் கிடையாது. விளக்கைப் போட்டால் பிள்ளைகள் இரண்டும் எழுந்துவிடும். பாவம், ஏழு மணிவரை இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சன்னலில்லாத அறை எடுத்ததில் எனக்கு முந்நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் மிச்சம். அந்தப் பெருமை அன்று காலையே போய்விட்டது.

அடுத்த முறை என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மட்டும் வந்தார்கள், அத்தை வரவில்லை. சென்ற முறை பட்டது போதும் என்று பால்கனி எடுத்தேன். மூன்று இரவில் அந்தப் பால்கனியில் நாங்கள் உட்கார்ந்தது மொத்தம் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வரவில்லை. போதாக்குறைக்கு எங்கள் தலைக்கு நேர் மேலேதான் அந்தக் குளத் தளம். காலை ஆறு மணிக்குச் சாய்வு நாற்காலிகளை வரிசைப்படுத்த தர்ர்ர் என்று இழுப்பார்கள், ஒவ்வொன்றாக.

ஆக, மிச்சம் பிடிக்கக்கூடாத இடத்தில் பிடித்தேன், செலவழிக்கத் தேவையில்லாத இடத்தில் செலவழித்தேன். அதற்குப் பிறகு முன்பதிவு செய்யுமுன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். முதல்முறை கப்பலில் போகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், என்னென்ன அறைகள்

இன்சைட் என்றால் சன்னல் இல்லாத உள்ளறை. ஓஷன்வியூ என்றால் திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல். பால்கனி உங்களுக்கே தெரியும். சூட் என்பது பெரிய அறை, கூடவே சலுகைகள். உள்ளறைக்கும் பால்கனி அறைக்கும் உட்புற அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. பெரும்பாலும் சுமார் 15 சதுர மீட்டர், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பெரிய படுக்கையறை மாதிரி. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு, இரண்டு நாற்காலியும் ஒரு குட்டி மேசையும் கொள்ளும் வெளியிடத்துக்கும் கதவைத் திறந்தால் வரும் காற்றுக்கும்தான்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில் சில உள்ளறைகளில் தரையிலிருந்து கூரைவரை ஒரு திரை இருக்கும். கப்பலுக்கு வெளியே உள்ள கேமரா காட்டும் கடல் அதில் அப்படியே ஓடும். இதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் அத்தைக்கு இராத்திரியா பகலா என்ற சந்தேகம் வந்திருக்காது. மறுபக்கம், டிஸ்னி அட்வெஞ்சர் கப்பலில் சில பால்கனிகள் கடலைப் பார்ப்பதில்லை. கப்பலுக்கு நடுவே உள்ள தோட்ட வெளியைத்தான் பார்க்கின்றன.

படி 1: விலை வித்தியாசத்தை மொத்தமாக எழுதுங்கள்

விளம்பரத்தில் இருப்பது ஒருவருக்கான விலை, அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டாம் ஆளின் கட்டணத்தையும் சேர்த்தே கட்டவேண்டிவரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு வேறு விலை, பெரும்பாலும் குறைவு. எனவே தலைக்கு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, உங்கள் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பாருங்கள். இரண்டு அறைக்கும் அப்படிப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள்.

துறைமுக வரி எந்த அறைக்கும் ஒன்றுதான். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தலைக்குப் போடும் சேவைக் கட்டணம், உள்ளறைக்கும் பால்கனிக்கும் பெரும்பாலும் ஒரே அளவு. சூட்டுக்குப் போனால் கூடும். சில கப்பல்களில் உள்ளே ஆகும் செலவு அமெரிக்க டாலரில் ஏறும், அதையும் கவனியுங்கள்.

படி 2: அறையில் விழித்திருக்கப்போகும் மணிகளை எண்ணுங்கள்

இதில்தான் எல்லாரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறோம். 'பால்கனியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன்' என்று எழுதாதீர்கள். போன மாதம் வீட்டில் எத்தனை பக்கம் படித்தீர்கள்? உங்கள் சனி ஞாயிறு எப்படிப் போகிறதோ, கப்பலிலும் அப்படித்தான் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இருவர், மூன்று இரவு. பால்கனிக்குத் தலைக்கு 180 வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 360.

ஊர் சுற்றும் இளம் தம்பதி: கப்பல் கிளம்பும்போது ஒரு மணி நேரம், இரண்டு காலை ஒவ்வொரு மணி, ஒருநாள் இராத்திரி ஒரு மணி. மொத்தம் 4. மணிக்கு 90 வெள்ளி. மேல்தளத்துக்கு ஏறினால் இதே கடல் சும்மா கிடைக்கும்.

அத்தையும் நானும்: மூன்று காலை இரண்டரை மணி வீதம், இரண்டு மத்தியானம் இரண்டு மணி வீதம், ஒரு மாலை ஒன்றரை மணி. மொத்தம் 13. மணிக்கு 28 வெள்ளிக்கும் குறைவு.

எனக்கு நான் வைத்திருக்கும் கோடு 30 வெள்ளி. அதற்குக் கீழே வந்தால் பால்கனி, மேலே போனால் உள்ளறை. உங்கள் கோடு வேறாக இருக்கலாம், ஆனால் விலையைப் பார்க்குமுன்பே அதைப் போட்டுவிடுங்கள். பார்த்த பிறகு போட்டால் மனசு அதற்கேற்ப நியாயம் கற்பித்துக்கொள்ளும்.

போகும் வழியும் இந்த மணிகளை மாற்றும். பினாங்கில் ஒருநாள், புக்கெட்டில் ஒருநாள் என்று இறங்கிச் சுற்றினால் அறை தூங்க மட்டும்தான். எங்கும் நிற்காமல் கடலிலேயே சுற்றிவரும் பயணம் என்றால் நேர்மாறு. கொவிட் காலத்தில், 2020 நவம்பரில், அப்படிப்பட்ட பயணங்கள் சிங்கப்பூரிலிருந்து தொடங்கின. டிஸ்னி அட்வெஞ்சரும் இடையில் துறைமுகம் இல்லாமல்தான் போய்வருகிறது.

படி 3: யார் தூங்கப்போகிறார்கள்

விடியுமுன் எழும் பெரியவர் இருந்தால் ஒரு சன்னலாவது வேண்டும். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அசந்து தூங்க வருபவருக்கு உள்ளறையைப்போல ஒன்று கிடையாது. மத்தியானம் தூங்கும் கைக்குழந்தைக்கும் அப்படியே. எதையும் பற்றி ஏறும் வயதில் பிள்ளை இருந்தால், பால்கனி உங்களுக்கு ஓய்வு தராது, காவல் வேலைதான் தரும்.

பூசைக்கு என்று பால்கனி எடுப்பவர்களுக்கு ஒன்று: கப்பலில் நெருப்புக்கு இடமில்லை. அகல், கற்பூரம், ஊதுபத்தி எதையும் ஏற்றக்கூடாது. அத்தை பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். "சாமிக்குத் தெரியும், கப்பல்காரன் விடமாட்டான்னு" என்பார். துணி தேய்க்கும் பெட்டி, தண்ணீர் கொதிக்கும் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் இவற்றையும் பையில் வைக்காதீர்கள். சோதனையில் எடுத்துவைத்துக்கொள்வார்கள்.

படி 4: தள வரைபடத்தைத் திறந்து வையுங்கள்

எந்த வகை அறை என்பதைவிட, எந்த இடத்தில் என்பதுதான் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் தள வரைபடம் இணையத்தில் இருக்கும். நீங்கள் பார்க்கும் அறை எண்ணைத் தேடுங்கள். பிறகு அதற்கு நேர் மேல்தளத்தையும் நேர் கீழ்தளத்தையும் பாருங்கள்.

மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நல்லது, தூங்குகிறவர்களுக்கு நடுவே தூங்குவீர்கள். மேலே நீச்சல் குளம் என்றால் நாற்காலிச் சத்தம். மேலே சாப்பாட்டுக் கூடம் என்றால் விடியற்காலையில் தள்ளுவண்டிகள் உருளும். கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவுவரை அடிவயிற்றில் 'தம் தம்' என்று கேட்கும். வரைபடத்தில் பெயரில்லாமல் வெற்றிடமாக விட்டிருக்கும் பகுதிக்குப் பக்கத்திலும் எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் பணியாளர்கள் புழங்கும் இடம்.

ஆட்டம் தாங்காதவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் உட்கார்ந்தவன் அசைவதில்லை, நுனியில் இருப்பவன்தான் ஏறி இறங்குகிறான். உயரம் கூடக்கூட இருபக்க ஆட்டமும் கூடும். முன்பக்கம், உச்சித் தளம், அழகான பால்கனி என்று விலை கூடுதலாக வைத்திருக்கும் அறைதான் குமட்டலுக்கு முதல் இடம்.

கீழ்த்தளத்தில் முன்பக்கமாக எடுத்தால் இன்னொரு தொல்லை. கப்பல் கரை அணையும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளுகிற இயந்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன, அறையே அதிரும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் படோங் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுப் பயணிகளைப் படகில் அனுப்பும். நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தத்துக்கு அலாரமே தேவையில்லை. பின்பக்கக் கீழ்த்தளத்தில் உந்துவிசையின் அதிர்வு தெரியும்.

இன்னும் இரண்டு. பக்கத்து அறைக்கு இடைக்கதவு இருந்தால், அதன் வழியே அவர்கள் பேச்சு முழுக்க உங்கள் காதில் விழும். சொந்தக்காரர்கள் எடுத்திருந்தால் வசதி, இல்லாவிட்டால் வேண்டாம். 'மறைக்கப்பட்ட காட்சி' என்ற குறிப்போடு மலிவாக வரும் அறைகளில் சன்னலுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். வெளிச்சம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது நல்ல பேரம். அடுத்த முறை அத்தை வரும்போது பால்கனி கட்டுப்படியாகாவிட்டால் நான் இதைத்தான் எடுப்பேன்.

படி 5: மாதமும் பக்கமும்

டிசம்பர் விடுமுறையில்தான் நம்மில் பாதிப்பேர் கிளம்புகிறோம். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். வியட்நாம் பக்கம், தாய்லாந்து வளைகுடாப் பக்கம் போகும் வழியில் தென்சீனக் கடல் அப்போது முரடாக இருக்கும். காற்றடித்தால் பால்கனியில் நிற்கக்கூட முடியாது. மலாக்கா நீரிணை வழியே பினாங்கு, புக்கெட் போனால் ஒருபக்கம் சுமத்ரா, ஒருபக்கம் தீபகற்பம், கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். வருடத்தின் நடுமாதங்களில் இங்கே விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வரும், ஓரிரு மணியில் ஓய்ந்துவிடும்.

வெயிலையும் மறக்காதீர்கள். நண்பகல் பால்கனி நம் வீட்டுத் துணி காயப்போடும் இடம் மாதிரிதான் கொதிக்கும். கதவைத் திறந்தே வைத்தால் சில கப்பல்களில் அறையின் ஏர்கான் தானாக நின்றுவிடும்.

வடமேற்கே போகும்போது வலப்பக்க அறைகளுக்குச் சூரியோதயமும் மலேசியக் கரையும், இடப்பக்கத்துக்கு அஸ்தமனம். திரும்பி வரும்போது அப்படியே மாறும். சிங்கப்பூரின் மரினா சவுத்திலிருந்து கிளம்பும் மாலையில் வெளியே நில்லுங்கள். நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள், தென்தீவுகள், அப்புறம் 1855இலிருந்து எரியும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். இதற்குப் பால்கனி வேண்டாம், மேல்தளமே மேல்.

படி 6: சூட்டா?

சூட்டின் விலையில் அறை பாதி, சலுகை பாதி. ஜென்டிங் டிரீம் கப்பலில் 'பேலஸ்' என்ற பகுதிக்குத் தனி உணவகம், தனிக் குளம் உண்டு. அந்தச் சலுகைகளை எண்ணி, எதைப் பயன்படுத்துவீர்கள் என்று குறியுங்கள். மூன்று இரவில் நான் குறித்தது ஒன்றோ இரண்டோதான், அதோடு விட்டுவிட்டேன்.

படி 7: கட்டும் முன் கேட்கவேண்டியவை

மிகமிக மலிவான விலையில் 'கேரண்டி' என்று இருந்தால், அறை எண்ணை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். படி 4 முழுக்க வீணாகிவிடும். அறை எண் உறுதியா என்று முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். முன்பதிவுக்குப் பிறகு, மேல்வகை அறைக்கு ஏலம் கேளுங்கள் என்று சில நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பும். அதில் காட்டும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கு, எனவே இரண்டால் பெருக்குங்கள். கிடைத்தால் உங்கள் பழைய, பார்த்துப் பார்த்து எடுத்த அறை போய்விடும், பணமும் திரும்பாது.

குடும்பமாகப் போகிறவர்கள், நான்கு பேரை ஒரே பால்கனி அறையில் அடைப்பதற்குப் பதில் ஒரு பால்கனி, நடைவழிக்கு எதிரே ஓர் உள்ளறை என்று விலை கேட்டுப் பாருங்கள். சில தேதிகளில் வித்தியாசம் ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும், குளியலறையும் இரண்டு கிடைக்கும். அறைக்கு ஒரு பெரியவர் இருக்கவேண்டும் என்பது பொதுவான விதி, அதற்கேற்பப் பெயர்களைப் பிரியுங்கள்.

இந்த டிசம்பருக்கு நாங்கள் அப்படித்தான் எடுத்திருக்கிறோம். அவரும் பிள்ளைகளும் உள்ளறையில், நானும் அத்தையும் பால்கனியில். நடுப்பகுதி, மேலும் கீழும் அறைகள். வரைபடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டார், "காலையில சூரியன் எந்தப் பக்கம் வரும்?"

"போறப்ப நம்ம பக்கம் அத்தை. வர்றப்ப எதிர்ப்பக்கம்."

"அப்ப வர்ற அன்னிக்கு மேல்மாடிக்குப் போயிடலாம். லிஃப்ட் இருக்குல்ல?"