நியூ ஃபோல்டர் (3)-க்குள் என்ன இருக்கிறது? கோப்புகளைப் பிரித்து வைக்கும் முறை

"நியூ ஃபோல்டர் (3)" என்று ஒன்று உங்கள் கணினியிலும் இருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை இன்று சரிசெய்துவிடலாம். விண்டோஸை வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் ஒரு தாள்

எந்தக் கோப்பையும் இப்போது தொட வேண்டாம். கணினியில் எதற்காக உட்காருகிறீர்கள் என்று எழுதுங்கள்: வேலை, படிப்பு, வீட்டுக் கணக்கு, படங்கள். நாலைந்து தேறும். அவைதான் உங்கள் முதல் நிலை ஃபோல்டர்கள்.

பலர் பிடிஎஃப், வேர்டு, எக்செல் என்று வகைவாரியாகப் பிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வகைப்படி அடுக்க, "டீடெயில்ஸ்" காட்சியில் கோப்புப் பட்டியலுக்கு மேலே வரும் "டைப்" என்ற தலைப்பைச் சொடுக்கினால் போதும், கணினியே செய்துவிடும். ஒரு கோப்பு எதற்காக என்பது உங்களுக்குத்தானே தெரியும்?

2. ஃபோல்டர் உருவாக்க

கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெயரை உடனே அடித்துவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் அந்த (3). மாற்ற வேண்டுமானால் எஃப்2. பெயரில் \ / : * ? " < > | ஆகிய ஒன்பது குறிகள் வரக் கூடாது.

3. பெயரில் தேதி

ஆண்டை முன்னால் போடுங்கள்: 2024-03-05 கரண்ட் பில். "05-03-2024", "12-01-2023" என்று வைத்தால், பெயர்வரிசையில் 2024-ஆம் ஆண்டுக் கோப்பு 2023-க்கு முன்னால் போய் நிற்கும்.

4. நகர்த்த

கன்ட்ரோல் எக்ஸ், பிறகு புது இடத்தில் கன்ட்ரோல் வி. இழுத்தும் போடலாம், ஆனால் கவனம்: ஒரே டிரைவுக்குள் (சி, டி என்று கணினி பெயரிட்டுக் காட்டும் சேமிப்புப் பகுதி) இழுத்தால் கோப்பு நகரும்; சி-யிலிருந்து டி-க்கு இழுத்தால் நகல்தான் போகும், பழையது அங்கேயே இருக்கும். இது தெரியாமல் ஒரு வாரம் பழைய பிரதியிலேயே திருத்தம் செய்துகொண்டிருந்தவன் நான். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் முழுதாக நகரும். தவறிப் போட்டுவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட்.

ஒரே டிரைவுக்குள் பெரிய வீடியோகூடக் கண்ணிமைப்பதற்குள் இடம் மாறும். வட்டில் தரவு அசைவதே இல்லை, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பதிவு மட்டும் மாறுகிறது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக மூன்று நிலை போதும். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்கள் பக்கம் போகவே வேண்டாம்; கணினியும் மென்பொருள்களும் இயங்கத் தேவையானவை அங்கே இருக்கின்றன.

எங்கும் பொருந்தாதவை மிஞ்சும். அவற்றை "பிரிக்க வேண்டியவை" என்ற ஒரே ஃபோல்டரில் போடுங்கள். டவுன்லோட்ஸில் குவிவதும் வாரம் ஒருமுறை அங்கே போகட்டும்.