குளிர் நாட்டில் முதல் தோட்டம்: வசந்தத்தில் எதை எப்போது தொடுவது

குளிர் நாட்டுக்கு வந்து முதல் பனிக்காலத்தைத் தாண்டிவிட்டீர்களா? அப்புறம் ஒரு வாரம் நல்ல வெயில் அடிக்கும், கை பரபரக்கும். நாற்றைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். பகலில் 18 டிகிரி. இரவில் வானம் தெளிந்து, விடியும் முன் உறைபனி இறங்கியது. காலையில் 12 மிளகாய் நாற்றும் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடந்தன, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டன.

வெப்ப நாட்டில் விதைப்புக்கு மழை கணக்கு. இங்கே கடைசி உறைபனி. அது வழக்கமாக எந்த வாரத்தோடு நிற்கும் என்று பக்கத்தில் தோட்டம் போடுபவரைக் கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மிளகாய், கத்தரி விதையை 8 முதல் 10 வாரம் முன்பும், தக்காளியை 6 முதல் 8 வாரம் முன்பும் வீட்டுக்குள் தொட்டியில் போடலாம். மிளகாய் முளைக்க 25 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். முளைத்தபின் சூட்டைவிட வெளிச்சம்தான் முக்கியம். போதாவிட்டால் நாற்று நூல்போல் நீண்டு சாயும்.

எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டாணி, முள்ளங்கி, பாலக் கீரை மூன்றும் குளிருக்கு அஞ்சாதவை. மண் 7 டிகிரியைத் தொட்டதும் நேராகப் பாத்தியிலேயே விதைக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. களிமண் உருண்டையாக நின்றால் இன்னும் சில நாள் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஈரத்தில் கொத்திய களிமண் காய்ந்ததும் செங்கல்தான். மக்கிய எருவை இரண்டு விரல் கனத்துக்கு மேலே பரப்பினால் போதும், புழுக்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பழமரத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். ஆப்பிள், பேரி மரங்களை மொட்டு விரியும் முன் கவாத்து செய்யலாம். செர்ரி, பிளம் மரங்களை இப்போது வெட்டக் கூடாது. குளிர்ந்த ஈரக் காற்றில் வெட்டுக்காயம் வழியே நோய் ஏறும். கோடையில் காய்ந்த நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். வீட்டோடு வந்த மரம் என்ன மரமென்றே தெரியவில்லையா? முதல் வருடம் கத்தியே வைக்க வேண்டாம், பூக்கட்டும், காய்க்கட்டும்.

விரிந்த பூவுக்குச் சுமார் மைனஸ் 2 டிகிரியே ஆபத்து. சின்ன மரமென்றால் சாயங்காலமே பழைய போர்வையால் மூடி, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள். தேனீ உள்ளே வரவேண்டுமே!

கடைசி உறைபனி போனபின்னும் நாற்றை உடனே நடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் வெளியே பழக்குங்கள்: முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் இரவிலும். இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்காத பிறகு தக்காளியை நடுங்கள். மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். வெண்டை எல்லோருக்கும் கடைசி.

நட்ட அன்று இருட்டியதும் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். ஓடில்லாத நத்தைகள் அப்போதுதான் சாப்பிடக் கிளம்பும்.