மே மாத மாம்பலமும் ஜனவரி மாத ஹாட் யோகாவும்

டொரன்டோவில் ஜனவரி மாதம். வெளியே மைனஸ் 12. ஆபீஸ் வேலையாகப் போய் 4 நாள்கூட ஆகவில்லை, தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஹாட் யோகா வகுப்பு. அறையின் வெப்பம் 40 டிகிரி என்று போட்டிருந்தார்கள். 'மே மாசம் மாம்பலத்துல பை தூக்கிட்டு நடக்கிறவனுக்கு 40 எல்லாம் ஒரு சூடா?' என்று உள்ளே போனேன். 25-வது நிமிடம் பாயில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்துப் பாயில் 60 வயதைத் தாண்டிய ஒரு அம்மா ஒற்றைக் காலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

முதல் தவறு அந்த வெயில் பெருமைதான். உடம்பு சூட்டுக்குப் பழக தினமும் சூட்டில் இருந்தாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகினதும் நிலைக்காது, சில வாரம் குளிரிலோ ஏசியிலோ இருந்தால் போய்விடும். அதோடு நம்ம ஊரில் 40 டிகிரி அடித்தால் நாம் என்ன செய்வோம்? ஃபேனைப் போட்டுக்கொண்டு நிழலில் உட்காருவோம். இங்கே காற்று இல்லாத மூடிய அறை, காற்றில் ஈரம் வேறு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஒரு காலைப் பிடித்து இழுக்கச் சொல்வார்கள்.

இரண்டாவது, 'யோகா நம்ம நாட்டுச் சரக்குதானே' என்ற நினைப்பு. நாட்டுச் சரக்குதான், மறுக்கவில்லை. இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பிக்ரம் சௌத்ரி கொல்கத்தாக்காரர். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷின் சீடர். 1970-களில் அமெரிக்கா போய் 26 ஆசனம், 2 மூச்சுப்பயிற்சி, 90 நிமிடம் என்று ஒரு வரிசையைப் பரப்பினார். பின்னாளில் அவர்மேல் பாலியல் புகார்கள் வரிசையாக வந்ததும் பல ஸ்டூடியோக்கள் அவர் பெயரை எடுத்துவிட்டு, '26-உம் 2-உம்' என்று மட்டும் போட்டுக்கொண்டன. ஆனால் ஹாட் யோகா என்ற போர்டு இருக்கும் இடமெல்லாம் இதே வரிசை நடக்கும் என்று நம்பி விடாதீர்கள். சில இடத்தில் 32 டிகிரி, 60 நிமிடம். சில இடத்தில் மூச்சோடு சேர்த்து ஆசனத்திலிருந்து ஆசனத்துக்கு நிற்காமல் மாறும் வேகமான வின்யாசா. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த 26 ஆசன வகுப்பில் ஆசிரியர் பெரும்பாலும் செய்து காட்ட மாட்டார். நின்றுகொண்டு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவார். இது தெரியாமல் நான் முன்வரிசையில் பாயை விரித்தேன். பார்த்துச் செய்ய எனக்கு முன்னால் ஆளே இல்லை. கண்ணாடியில் என் சிவந்த முகம் மட்டும்தான். புதியவர் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நிற்பதே நல்லது.

எண்ணெய் விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கனடா குளிருக்குத் தோல் வறண்டு வெடிக்கும், அதனால் காலையில் லோஷனோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டுதான் கிளம்புவோம். வியர்த்ததும் கை வழுக்கி, பிடித்த கால் நழுவும். தலையில் வைத்த எண்ணெய் நேராகக் கண்ணுக்குள் இறங்கும். அன்றைக்கு எதுவும் தடவாதீர்கள், சென்ட்டும் வேண்டாம். பாய்மேல் விரிக்க ஒரு பெரிய துண்டு கட்டாயம் வேண்டும்.

தண்ணீரில் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறோம். காலையிலிருந்து காபி மட்டும் குடித்துவிட்டுப் போவது ஒன்று. வகுப்புக்குள் போய் மடமடவென்று ஒரு லிட்டரை ஊற்றிக்கொள்வது இன்னொன்று. நான் இரண்டையும் ஒரே நாளில் செய்தேன். இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, உள்ளே வாய் நனைக்கும் அளவு குடித்தால் போதும். வியர்வையில் உப்பும் போகிறது. ஊரிலிருந்து கொண்டுபோன ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றைப் பிறகு கலக்கிக் குடித்தேன், அரை மணியில் தலைவலி விட்டது. சாப்பாடு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடிந்திருக்கட்டும். முந்தின இரவு பார்ட்டி என்றால் அடுத்த நாள் போகவே வேண்டாம். விமானம் விட்டு இறங்கிய மறுநாளும் அப்படித்தான்: சென்னைக்கும் டொரன்டோவுக்கும் குளிர்காலத்தில் 10.30 மணி நேர வித்தியாசம், தூக்கம் கெட்ட உடம்பு சூட்டைத் தாங்காது.

சூட்டில் உடம்பு நன்றாக வளையும். வீட்டில் முழங்காலைத் தாண்டாத கை அங்கே கணுக்காலைத் தொடும். அந்த மிதப்பில் இன்னும் கொஞ்சம் இழுத்தால் மறுநாள் படியிறங்கும்போது தெரியும். வீட்டில் எதுவரை போகுமோ அதுவரை போனால் போதும்.

தலை சுற்றினால் வீம்பு பிடிக்காமல் படுத்துவிடுங்கள். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், அதனால் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். உஷ்ட்ராசனத்தில் பின்னால் வளையும்போது பலருக்குக் குமட்டும். 'அறையைவிட்டுப் போகாதீர்கள்' என்று ஆசிரியர் சொன்னாலும், வாந்தி வருகிற மாதிரியோ உடம்பு சில்லிட்டுப் புல்லரிக்கிற மாதிரியோ இருந்தால் வெளியே போய்விடுங்கள். பேச்சு குழறினாலோ குழப்பம் வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், கனடாவில் 911-ஐ அழைக்க வேண்டிய கட்டம். ரத்த அழுத்தத்துக்கு, குறிப்பாகச் சிறுநீர் பிரிய, மாத்திரை போடுபவர்களும், இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

வியர்வையில் நச்செல்லாம் வெளியேறும் என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். கேட்டுச் சிரித்துவிட்டு வந்துவிடலாம். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. டெக்சாஸில் இதே 26 ஆசன வரிசையைச் சூடான அறையிலும் சாதாரண அறையிலும் 12 வாரம் செய்யவைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரத்தக் குழாய்களுக்குக் கிடைத்த பலன் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

கையெழுத்து வாங்கும் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஊரில் இருக்கும் அம்மா நம்பரை எழுதாதீர்கள். நீங்கள் மயங்கி விழும்போது அங்கே நடுராத்திரியாக இருக்கும். ஹோட்டல் நம்பரையோ உடன் வந்தவர் நம்பரையோ கொடுங்கள். சலுகை பாஸ் வாங்கினால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

குளித்ததும் தலையை முழுக்கத் துவட்டிவிட்டு வெளியே வாருங்கள். நான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரத்தலையோடு ஓடினேன். ஸ்டாப்பில் நின்று முடியைத் தொட்டால், முன்நெற்றி மயிர் துடைப்பக் குச்சி மாதிரி விறைத்து நின்றது.