ஒரு உருளைத் தங்கூசி, இரண்டு ரீல்

மொத்தமாக வாங்கிய 1000 மீற்றர் தங்கூசியை, அதாவது நைலோன் மீன்பிடி நூலை, ஒரே அளவான இரண்டு தூண்டில் ரீலுக்குப் பிரிக்க நாள்கணக்கில் மினக்கெட்டேன். ஒன்று விளிம்புவரை நிறையும், மற்றது பாதியில் நிற்கும். கைபிடிச் சுற்றை எண்ணிச் சரிவராது. நூல் ஏற ஏற ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட நீளம். திருகோணமலை டச்பே கடற்கரை மணலில் இழுத்து அளந்தால் மான்கள் குறுக்கே வருகின்றன!

முடித்துவைத்தது சமையல் தராசு. நூலோடு பெரிய உருளையை நிறுத்து, முன்பு தீர்ந்துபோன அதே வகை வெற்று உருளையின் எடையைக் கழித்தேன். 0.40 மி.மீ. நூல், ஏறத்தாழ 143 கிராம். பெரிய உருளையில் 72 கிராம் குறைந்ததும் வெட்டினேன்.

ஆனால் ரீலை நிறுக்க வேண்டாம். இறுக்கமாகச் சுற்ற நூலை ஈரத்துணிக்குள்ளால் விடுகிறோம் அல்லவா, அந்தத் தண்ணீரும் எடையில் சேரும், நைலோன் கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். காய்ந்த பெரிய உருளையை மட்டும் நிறுங்கள். இப்போது இரண்டிலும் விளிம்புக்கு ஒரே இடைவெளி, அப்பாடா.