அம்பாசடரில் கூலன்ட் ஒழுகினால் செய்யக்கூடாதவை

அம்பாசடரில் 1959-ல் சைட் வால்வ் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்) என்ஜினுக்குப் பதிலாக வந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரிட்டனின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் வகை. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. நன்றாகவே உழைக்கும். ஆனால் அதன் கூலிங் சிஸ்டம் குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. இன்றைய கார் பழக்கத்தில் கை வைத்தால், சின்ன ஒழுகலைப் பெரிதாக்கிவிடுவோம்.

முதலில், ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரேடியேட்டரில் தனி எக்ஸ்பான்ஷன் டேங்க் கிடையாது. கழுத்து வரை தண்ணீர் ஊற்றினால், சூடாகி விரிந்தது ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கீழே கொட்டும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி நிரப்புவார்கள், மறுபடி கொட்டும். குளிர்ந்த என்ஜினில் கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்தி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். அளவு அங்கேயே நின்றால் ஒழுகல் இல்லை.

ஒழுகல்தான் என்றால், ஈரம் தெரிகிற இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வாட்டர் பம்பிலிருந்து விழும் சொட்டை ஃபேன் காற்று என்ஜின் முழுக்க வாரி அடிக்கும். கழுவிக் காயவைத்து, கைப்பம்ப் டெஸ்டர் வைத்து, ரேடியேட்டர் மூடியில் குறித்த அளவு வரை மட்டும் அழுத்தம் கொடுங்கள். சில இடங்கள் குளிர்ந்திருக்கும்போதுதான் ஒழுகும். சூட்டில் உலோகம் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் பார்ப்பதே நல்லது.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சிலர் அந்தத் துளையையே எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மோசமான வேலை இல்லை. வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கரைக்கும். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் ஃபேன் ரேடியேட்டரில் போய் மோதும். சீலில் முடிய வேண்டிய செலவு ரேடியேட்டர் வரை போகும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அந்தக் காலத்து பிஎம்சி வண்டிகளுக்கு 4 அல்லது 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம் தாங்கும் மூடிதான். இன்றைய கார் மூடிகள் 13, 15 பவுண்டு வரை இருக்கும். கழுத்தில் சரியாகவே உட்காரும். ஒவ்வொரு பவுண்டுக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறும் என்பதால், நல்லதுக்குத்தானே என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஈயம் பற்றவைத்த பித்தளை ரேடியேட்டரின் ஓரங்கள், பழைய ஹோஸ், ஹீட்டர் குழாய் எல்லாம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. புது மூடி போட்ட வாரத்தில் புது ஒழுகல் வந்தால் முதல் சந்தேகம் மூடிமேல்தான்.

மஞ்சள் தூள், லீக் ஸ்டாப் பொடி எல்லாம் நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர உதவும். அவ்வளவுதான். ஓட்டையை அடைக்கிற பொடி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வந்ததும் கழுவி எடுத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் சிலிக்கான் பசையைக் கொழகொழவென்று பூசுவதும் இதே கதைதான். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து போய் ரேடியேட்டரில் சிக்கும். முகப்பைச் சமப்படுத்தி, நல்ல பேப்பர் கேஸ்கெட் போட்டால் போதும். ஹோஸ் கிளிப்பையும் ரப்பர் வெட்டுப்படுகிற அளவுக்கு முறுக்க வேண்டாம்.

போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். உப்புப் படிவு பிளாக்கின் பின்பக்கம் சேர்ந்து, வடிகால் குழாயையே அடைத்துவிடும். குழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். அந்தச் சேறு உள்ளே இருக்கும்வரை கோர் பிளக்குகள் (பிளாக்கின் வார்ப்புத் துளைகளை மூடும் தகடுகள்) உள்பக்கமாக அரித்துக்கொண்டேயிருக்கும். பிளக் மாற்றும்போது துருவைச் சுரண்டி, பள்ளத்தைப் பளபளவென்று சுத்தம் செய்யாமல் புதியதை அடிக்கக்கூடாது. டிஷ் வகையென்றால் மேடான பக்கம் வெளியே இருக்க வேண்டும். நடுவில் லேசாகத் தட்டினால் விளிம்பு விரிந்து பிடிக்கும். குழியும் அளவுக்கு அடித்தால் பிடிப்பு போய்விடும்.

சூடான என்ஜினில் மூடியைத் திறப்பதும், அதில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. முதலாவது கையைப் பொசுக்கும், இரண்டாவது ஹெட்டில் விரிசல் விடும்.

ரேடியேட்டரில் குமிழி வருகிறது, ஆயிலில் பால் நிறம் தெரிகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பார்க்க வேண்டும். நட்டுகளை இன்னும் முறுக்கினால் சரியாகும் என்று நம்பாதீர்கள். கழற்றி, ஸ்டட் துளைகளைச் சுற்றி பிளாக் மேலெழும்பியிருக்கிறதா, ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பாருங்கள். மாட்டும்போது டார்க் ரெஞ்ச் கொண்டு, நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கொஞ்சம் ஓட்டி, நன்றாக ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை. நட்டுகளில் சில, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அதனால் ஒவ்வொரு முறை இறுக்கிய பின்னும் டாப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) சரிபார்த்த பிறகே வால்வ் கவரை மூட வேண்டும்.