டூயல் பூட்: உரிம விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவி, வேண்டியதைத் தேர்ந்து தொடங்குவதே டூயல் பூட். இப்படி இரண்டும் இருப்பதில் உரிமச் சிக்கல் எதுவும் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குரிய ஜிபிஎல் என்ற திறமூல உரிமம், நிரலை இயக்குவதற்குத் தடை எதுவும் போடுவதில்லை. தவறுகள் நடப்பதெல்லாம் விண்டோஸ் பக்கம்தான்.

விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது, அதாவது மைக்ரோசாஃப்டின் சர்வர் அதை ஏற்றுக்கொண்டது என்பதையே அனுமதியாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. வட்டின் ஒரு பார்ட்டிஷனில் (பிரிவில்) அலுவலக வேலைக்கு ஒரு விண்டோஸ், இன்னொன்றில் விளையாட்டுக்கு ஒன்று என்று நிறுவுகிறார்கள். டிஜிட்டல் உரிமம் வன்பொருளோடு பிணைக்கப்பட்டது என்பதால் இரண்டுமே முணுமுணுப்பின்றி ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸின் உரிம ஒப்பந்தமோ ஒரு கருவியில் ஒரே ஒரு நிறுவலுக்குத்தான் இடம் தருகிறது. சர்வர் பார்ப்பது மதர்போர்டை. எத்தனை பிரதிகள் என்று அது எண்ணுவதில்லை. இரண்டு விண்டோஸ் வேண்டுமென்றால் இரண்டு உரிமங்கள் வேண்டும். லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கிய கணினியில்) தனியாக ஒரு விண்டோஸ் ஓட்டினாலும் இதே கணக்குதான். மெய்நிகர் கணினியும் ஒப்பந்தத்தின் பார்வையில் தனிக் கருவி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: தேவையில்லாமல் இன்னொரு உரிமம் வாங்குவது. லினக்ஸ் நிறுவும் அவசரத்தில் வட்டு முழுவதையும் அழித்துவிட்டு, விண்டோஸும் போயிற்று என்று தலையில் கை வைப்பவர்கள் பலர். விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸோடு விற்கப்படும் மடிக்கணினிகளில் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (அதிலுள்ள அடிப்படை மென்பொருளிலேயே) பதிந்திருக்கும். லினக்ஸிலிருந்தே பார்க்கலாம்: ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணைகளில் 'எம்எஸ்டிஎம்' என்ற கோப்பு இருக்கும், அதன் கடைசி 29 எழுத்துகளே சாவி. விண்டோஸை மறுபடி நிறுவும்போது நிறுவி அதைத் தானே படித்துக்கொள்ளும். ஆனால் கணினியோடு சேர்ந்தே வரும் இத்தகைய ஓஇஎம் சாவியைப் பொதுவாக வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்தை, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

மேக்ஓஎஸ் பற்றி ஒரு வரி போதும்: ஆப்பிள் தயாரித்த கணினியில் மட்டுமே நிறுவ அதன் ஒப்பந்தம் இடம் தருகிறது.

கட்டண மென்பொருள்கள் சில, ஒவ்வோர் இயங்குதள நிறுவலையும் தனிக் கணினியாக எண்ணிக்கொள்ளும். 'இரண்டு கணினிகள் வரை' என்ற அனுமதி ஒரே மேசையில் தீர்ந்துபோகலாம். ஓர் இயங்குதளத்தை அழிப்பதற்கு முன் அதிலுள்ள அந்த மென்பொருளை டிஆக்டிவேட் செய்துவிடுங்கள்.

யாரும் கவனிக்காதது எழுத்துரு. விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையை லினக்ஸோடு இணைத்து, அதிலுள்ள லதா, நிர்மலா என்ற தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்துவது எளிது. நானே நெடுநாள் செய்திருக்கிறேன். பிறகுதான் விண்டோஸ் ஒப்பந்தத்தில் அந்த வரி கண்ணில் பட்டது: மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் எழுத்துருக்களைத் திரையில் காட்டவும் அச்சிடவும் செய்யலாம். லினக்ஸில் இருக்கும்போது விண்டோஸ் எங்கே இயங்குகிறது? இணைப்பை எடுத்துவிட்டு நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு மாறினேன். அது திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகிறது, இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளலாம்.